மாடிப்படிக்குக் கீழே ஒழுகிய டேங்க்: ஒரு வீட்டு நிகழ்வின் ஆய்வு

கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த மே மாதம். தஞ்சாவூருக்கு வெளியே நாங்கள் குடியிருக்கும் தெருவில், இரவு பத்தேகால் மணிக்கு எதிர்வீட்டுப் பையன் வந்து கேட்டைத் தட்டினான். "மாமா, எம்-சீல் இருக்கா? வண்டி டேங்க் ஒழுகுது. இப்பவே அடைச்சாகணும்."

இருபது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு மோட்டார் மெக்கானிக் பாடம் எடுத்தவன் நான். டேங்க் ஒழுகுகிறது என்று யார் வந்தாலும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: எதை வைத்து அடைப்பது? ஓட்டையை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். வெளியே வந்துவிட்ட பெட்ரோல் இப்போது எங்கே இருக்கிறது, அதன் ஆவி எங்கே போய்த் தேங்கியிருக்கிறது என்பதுதான் அந்த நேரத்தின் கேள்வி. அன்றிரவு நடந்ததை நேர வரிசையில் குறித்து வைத்திருந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வீடும் வண்டியும்

வண்டி பதினான்கு வருடப் பழசு. 100 சிசி, கார்புரேட்டர் வைத்த பைக். மறுநாள் காலையில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்ப வேண்டும் என்று வீட்டுக்காரர் மாலை ஆறரைக்கு டேங்கை வாய் வரை நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறார். வழக்கம்போல வாசலில் மாடிப்படிக்குக் கீழே சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டார். நம் ஊரில் பாதி வீடுகளில் வண்டி நிற்கும் இடம் அதுதான்.

அந்த இடத்தில் வேறு என்னென்ன இருந்தன என்பது முக்கியம். முன்சக்கரத்துக்கு ஒரு முழத் தூரத்தில், படிக்கு அடியில், இன்வெர்ட்டரும் பேட்டரியும். தலைக்கு மேல் சுவரில் ஈபி மீட்டரும் மெயின் சுவிட்சும். பின்சக்கரத்துக்கு அருகே தரையில் தண்ணீர் சம்ப்பின் மூடி. சம்ப்புக்குள் நீர்மூழ்கி மோட்டார், அதற்கு ஆட்டோமேட்டிக் கண்ட்ரோலர். மேல்தொட்டியில் தண்ணீர் குறைந்தால் யாரும் தொடாமலே மோட்டார் ஓட ஆரம்பிக்கும். சமையலறை ஜன்னல் இந்தப் பக்கமாகத்தான் திறக்கிறது.

பத்து மணிக்குப் பால் காய்ச்சும்போது அந்த வீட்டுத் தங்கச்சிக்கு வாடை தட்டியிருக்கிறது. உடனே அடுப்பை அணைத்துவிட்டார். இந்த நிகழ்வில் மனிதர்கள் செய்த முதல் நல்ல காரியம் அது. அவருடைய மாமியாரோ ஒன்றரை மணி நேரமாக வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், "ஒம்போது மணி வாக்குல கொஞ்சம் வந்துச்சு தம்பி, அப்புறம் போயிருச்சு" என்றார். வாடை எங்கும் போகவில்லை. பெட்ரோல் வாடையை மூக்கு மிகக் குறைந்த அளவிலேயே பிடித்துவிடும். அதே காற்றில் தொடர்ந்து இருந்தால் சீக்கிரமே மரத்தும் போகும். உள்ளேயே இருப்பவர் "இப்ப நாறல" என்று சொல்வதை நம்பக் கூடாது. வெளியிலிருந்து வருகிறவரின் மூக்கைத்தான் நம்ப வேண்டும். நான் அவர்கள் கேட்டைத் தாண்டும்போதே எனக்குத் தெரிந்தது.

அந்த அம்மாளின் கையில் கொசு பேட் இருந்தது. பட்டனை அழுத்தி ஒரு கொசு பட்டால் சடசடவென்று பொறி பறக்கும் அதே பேட். அவர் உட்கார்ந்திருந்த திண்ணை தரையிலிருந்து இரண்டடி உயரம். "அம்மா, அதை அமுக்காம அப்படியே வெச்சுட்டு என்கூட வெளிய வாங்க" என்றேன். என் குரலைக் கேட்டு அவர் பயந்துவிட்டார். அதற்காக அப்போது வருத்தப்பட நேரமில்லை.

எவ்வளவு ஒழுகியது

பிறகு காலி மனையில் ஒரு எவர்சில்வர் டம்ளரை ஒழுக்குக்கு அடியில் வைத்துப் பார்த்ததில், பத்து நிமிடத்தில் 25 மில்லி அளவு சேர்ந்தது. அந்தக் கணக்கில் ஆறே முக்காலிலிருந்து பத்தேகால் வரை அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். தரையில் பார்த்தால் ஒரு தட்டு அகல ஈரம்தான் தெரிந்தது. "சொட்டு சொட்டாத்தான் விழுது மாமா" என்று பையன் சொன்னது அதை வைத்துத்தான். மீதியெல்லாம் ஆவியாகிப் போயிருந்தது.

அரை லிட்டர் பெட்ரோல் முழுக்க ஆவியானால் 90 லிட்டர் அளவுக்கு ஆவி வரும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே அது தீப்பிடிக்கும் கலவை. அதாவது 6 கன மீட்டர் காற்றை எரியக்கூடியதாக்க அந்த அரை லிட்டர் போதும். படிக்குக் கீழே இருந்த பொந்து 4 கன மீட்டர்தான் இருக்கும். வாசல் ஒரு பக்கம் திறந்திருந்ததால் நிறைய வெளியேறியிருக்கும் என்பது உண்மை. ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. புகை மாதிரி மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையோடு தவழ்ந்து பள்ளத்தைத் தேடும். அங்கே பள்ளம் என்றால் படிக்கு அடிமூலை, சம்ப்பு மூடியின் இடுக்கு, சாக்கடை. காற்று அசையாத அந்த இரவில் முழங்கால் உயரத்துக்குக் கீழே என்ன அடர்த்தி இருந்தது என்று அளக்க என்னிடம் கருவி கிடையாது. மோசமானது என்று வைத்துக்கொண்டே நடந்தேன்.

பெட்ரோலின் தீப்பற்று நிலை, அதாவது பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி விடத் தொடங்கும் வெப்பநிலை, பூஜ்ஜியத்துக்கும் கீழே, சுமார் மைனஸ் 40 டிகிரி. நம் ஊரில் எந்த மாதத்திலும், எந்த நேரத்திலும் அது பொறிக்காகக் காத்திருக்கும் ஆவியைக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும்.

மெயினை ஏன் அணைக்கவில்லை

இந்த நிகழ்விலேயே நான் அதிகம் யோசித்த இடம் இது. மற்ற வீடுகளுக்கும் அப்படியே பொருந்தும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

வீட்டுக்காரர் பதறிப்போய் மெயினை அணைக்கக் கையை நீட்டினார். நல்ல எண்ணம்தான். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். முதல் காரணம் எல்லோருக்கும் தெரிந்தது: சுவிட்சைப் போட்டாலும் பொறி வரும், அணைத்தாலும் வரும். அந்த மெயின் சுவிட்ச் ஐந்தடி உயரத்தில் இருந்தது. ஆவி கீழேதான் அடர்த்தி. ஆகவே அந்தப் பொறி மட்டும் என்றால் ஒருவேளை தப்பித்திருக்கலாம். இரண்டாவது காரணம் பெரியது. மெயினை அணைத்த அந்தக் கணமே, கரண்டு போய்விட்டது என்று நினைத்து இன்வெர்ட்டர் தானாக மாறும். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்குமே, அது உள்ளே இருக்கும் ரிலே, தானாக மாறும் ஒரு சுவிட்ச்; அதிலும் பொறி வரும். அந்த 'டக்' தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், ஆவி தேங்கும் மூலையில் நடக்கும்.

ஆக, மெயினைத் தொட்டால் இன்வெர்ட்டர் மாறும். இன்வெர்ட்டரை அணைக்கலாம் என்றால் அதன் சுவிட்ச் ஆவிக்குள்ளேயே இருக்கிறது. கம்பத்திலிருந்து லைனைத் துண்டிக்கச் சொன்னாலும் விளைவு இதேதான். எரிகிற லைட் எரியட்டும், ஓடுகிற ஃபேன் ஓடட்டும், எதையும் மாற்றாமல் ஆட்களையும் வண்டியையும் வெளியேற்றுவது. காற்று தெளிந்த பிறகு முதலில் இன்வெர்ட்டர், அடுத்து மெயின். இதுதான் நான் எடுத்த முடிவு. இதில் ஓர் ஆபத்து மிச்சமிருந்தது. நிஜமாகவே கரண்டு போனாலும் அதே 'டக்' நடக்கும். மே மாத இரவில் அது நம் கையில் இல்லை. வேகமாக வெளியே வருவதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது. சம்ப்பு மோட்டார் எப்போது தானாக எடுக்கும் என்பதும் அப்படித்தான். ஒரு குழாயையும் திறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு எல்லோரையும் வெளியே கொண்டுவந்தோம்.

தங்கச்சி அதற்குள் ஒரு வாளித் தண்ணீரும் பினாயிலும் எடுத்துவந்து, கழுவிச் சாக்கடையில் தள்ளப் பார்த்தார். "வேண்டாம்மா, மண்ணு போடுவோம்." பெட்ரோல் தண்ணீரில் கரையாது, மேலே மிதக்கும். ஊற்றும் தண்ணீர் அதைப் பரப்பி, மூடிய சாக்கடைக்குள் கொண்டுபோய்விடும். மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில், பெட்ரோல் குழாயில் விழுந்த ஓட்டையிலிருந்து சாக்கடைக்குள் கசிந்தது 1992 ஏப்ரல் 22 அன்று வெடித்தது. தெருத் தெருவாகப் பிளந்து 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கு முந்தைய நாட்களிலேயே மக்கள் வாடை அடிக்கிறது என்று புகார் சொல்லியிருந்தார்கள். அரை லிட்டருக்கும் அதற்கும் அளவில் பெரிய வித்தியாசம் உண்டு. ஆனால் மூடிய குழாய்க்குள் ஆவி எப்படி நடந்துகொள்ளும் என்பதில் வித்தியாசமில்லை. பக்கத்தில் வீடு கட்டுவதற்குக் கொட்டியிருந்த எம் சாண்டை அள்ளிவந்து ஈரத்தின் மேல் போட்டோம்.

வண்டியை வெளியே எடுத்தது

சாவியைத் தொடவில்லை. பெட்ரோல் டேப்பை மட்டும் மூடிப் பார்த்தேன். டேப்பை மூடியதும் ஒழுக்கு நின்றால், கோளாறு அதற்குக் கீழே: டியூப் வெடித்திருக்கும், அல்லது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசி மாட்டிக்கொண்டு ஓவர்ஃப்ளோ ஆகும். பாதிக் கேஸ்களில் இதோடு பிரச்சினை முடிந்துவிடும். இங்கே நிற்கவில்லை. டேங்கின் இடதுபக்க அடி மடிப்பில் ஈரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் டேங்கேதான்.

சைடு ஸ்டாண்டைக் காலால் தட்டாமல் கையால் தூக்கி, நியூட்ரலில் போட்டு, நானும் வீட்டுக்காரரும் தள்ளிக்கொண்டு ஐம்பது அடி தள்ளியிருந்த காலி மனைக்குக் கொண்டுபோனோம். பையன் தெருமுனைக்குப் போய் நின்று 101-க்குப் போன் செய்தான். இதை நான் அவன் கேட்டைத் தட்டியபோதே சொல்லியிருக்க வேண்டும். பத்து நிமிடம் தாமதமானது என் தவறு. கட்டிடத்துக்குள் பெட்ரோல் வாடை பரவிவிட்டது என்றால் தீயணைப்புத் துறையைக் கூப்பிட அதுவே போதுமான காரணம். எதுவும் எரிய வேண்டியதில்லை. வந்த வீரர்கள் வாசலைப் பார்த்துவிட்டு, நாங்கள் பெட்ரோலை வடித்து முடிக்கும் வரை தீயணைப்பானோடு பக்கத்திலேயே நின்றார்கள்.

வண்டியை வலப்பக்கம் சாய்த்து நிறுத்தினால் ஒழுக்கு நிற்காதா என்று வீட்டுக்காரர் கேட்டார். டேங்கின் அடியில் ஃபிரேம் புகுவதற்கு நடுவில் ஒரு குகை உண்டு. அதனால் டேங்குக்கு இடது, வலது என்று இரண்டு மடி. குகையின் முதுகுக்கு மேலே நிற்கும் பெட்ரோல்தான் சாய்த்தால் இங்கிருந்து அங்கே போகும். ஓட்டை இடது மடியின் அடியில் இருந்ததால் சாய்ப்பதில் பயனில்லை; வடித்தே ஆக வேண்டும்.

பிளாஸ்டிக் வாளி ஒன்று வந்தது. திருப்பி அனுப்பினேன். பெட்ரோல் ஓடி விழும்போது உண்டாகும் மின்னூட்டம் பிளாஸ்டிக்கில் தங்கிவிடும், தரைக்கு இறங்காது. எவர்சில்வர் பால் கேன் இரண்டைத் தரையில் வைத்து, டியூபின் நுனி கேனின் உள்சுவரைத் தொடும்படி விட்டு, மெதுவாக வடித்தோம். வீட்டில் பெட்ரோல் வைப்பதற்குச் சட்டமும் உண்டு. 1934-ஆம் வருடத்துப் பெட்ரோலியம் சட்டத்தின்படி, விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். இறுக மூடிய கண்ணாடி, பீங்கான் அல்லது உலோகப் பாத்திரமாக இருக்க வேண்டும்; கண்ணாடி, பீங்கான் என்றால் ஒவ்வொன்றும் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது. அந்தப் பட்டியலில் குடிதண்ணீர் பாட்டில் இல்லை. பைக்குக்குப் பெட்ரோல் வாங்கிவரப் பெரும்பாலும் நாம் எடுத்துப் போவது அதைத்தான்.

டேப் இருப்பது இடது மடியில். அது வடிந்து முடிந்த பிறகும் வலது மடியில் ஒரு லிட்டருக்கு மேல் தேங்கி நின்றது. "டியூபை விட்டு வாயால உறிஞ்சிடுறேன் மாமா" என்றான் பையன். பட்டறைகளில் அப்படிச் செய்வதைப் பார்த்து வளர்ந்தவன். பெட்ரோல் வயிற்றுக்குள் போவதைவிட, இருமும்போது ஒரு மிடறு நுரையீரலுக்குள் இறங்குவதுதான் பெரிய கெடுதல். அது நுரையீரலைப் புண்ணாக்கி உயிரையே எடுக்கும். தப்பித் தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்வதும் இதனால்தான். மிச்சத்தைக் காலையில் டேங்கைக் கழற்றிக் கவிழ்த்து எடுத்தோம்.

நள்ளிரவு தாண்டி, வாசலில் வாடை முழுக்கத் தெளிந்ததும் இன்வெர்ட்டரையும் மெயினையும் அணைத்தோம். சம்ப்பு மூடியைத் திறந்தபோது உள்ளே வாடை இருந்தது. குடும்பம் அன்றிரவு எங்கள் வீட்டில் தங்கியது. பகல் வெளிச்சத்தில் பார்த்ததில் தண்ணீர் மேல் வானவில் படலம் எதுவும் இல்லை. ஆவிதான் இறங்கியிருந்தது. இரண்டு நாள் திறந்து போட்டு, யாரும் விழாமல் சுற்றி மறைத்து வைத்து, பிறகு தண்ணீரை மாற்றிக் கழுவினார்கள்.

ஓட்டையின் கதை

டேங்கைக் கழற்றியதும் கதை வெளியே வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பே இதே இடம் லேசாகக் கசிந்திருக்கிறது. வழியில் ஒருவர் பார் சோப்பைத் தேய்த்து அடைத்துக் கொடுத்திருக்கிறார். அது ஊரறிந்த வைத்தியம், தவறும் அல்ல: சோப்பு பெட்ரோலில் கரையாது, ஊசிமுனை ஓட்டைக்குள் அழுந்தி உட்கார்ந்துகொள்ளும். வீடு போய்ச் சேர அது உதவும். அதன் மேல் வீட்டுக்காரர் பெயின்டைக்கூடச் சுரண்டாமல் எம்-சீலை அப்பியிருக்கிறார். ஒட்டுப்பசை பெயின்டைப் பிடித்துக்கொண்டது. பெயின்டுக்கு அடியில் துரு தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. கசிவு நின்றுவிட்டதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று மாலை டேங்க் வாய் வரை நிரம்பியது. வெயிலில் நின்ற வண்டி வேறு. பெட்ரோல் ஒவ்வொரு டிகிரிச் சூட்டுக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். மொத்த எடையும் சைடு ஸ்டாண்டில் இடப்பக்கமே சாய்ந்தது. பெயின்டோடு சேர்த்து அந்தப் பற்று பெயர்ந்து தொங்கியது.

துரு எப்படி வந்தது? பையன் வெளியூரில் படித்த எட்டு மாதமும் வண்டி கால் டேங்க் பெட்ரோலோடு சும்மா நின்றிருக்கிறது. காலியான இடத்தில் காற்றின் ஈரம் இரவில் குளிர்ந்து துளியாகி அடியில் இறங்கும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம் என்பதால் மடியின் ஆழத்தில் தங்கி உள்ளிருந்து அரிக்கும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரோடு சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் போய் நிற்கும். ஓடாமல் நிற்கும் வண்டிக்கு இது முன்பைவிடக் கூடுதல் கவலை.

உள்ளே சோப்புத் தண்ணீர் விட்டு இரண்டு முறை கழுவிக் காயவைத்து, அடிப்பாகம் முழுக்க வெளியே சுண்ணாம்பு பூசி, உள்ளே கொஞ்சம் டீசல் விட்டு வைத்தேன். எண்ணெய்த் தொட்டி, படகு கட்டுகிறவர்கள் மண்ணெண்ணெயும் சாக்பீஸும் வைத்துச் செய்யும் சோதனைதான். ஒரு மணி நேரத்தில் வெள்ளையின் மேல் மூன்று ஈரப் புள்ளிகள் தெரிந்தன. ஒழுகியது ஒன்று, ஒழுகக் காத்திருந்தவை இரண்டு. ஸ்க்ரூ டிரைவர் நுனியால் சுற்றிலும் அழுத்தினால் தகடு அப்பளம் மாதிரி அமுங்கியது.

தகடு நன்றாக இருந்து ஊசி ஓட்டை ஒன்று மட்டும் இருந்திருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். லிட்டருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து, மூடியைத் திறந்தே வைத்து ஓரிரவு ஊறவிட்டால் உள்துரு விடும். மூடினால் உள்ளே உண்டாகும் வாயு அழுத்தம் கொடுக்கும். பிறகு ஆப்ப சோடா கரைத்துக் கழுவி, உடனே காயவைத்து, வெளியே பளபளக்கும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, பெட்ரோல் தாங்கும் எப்பாக்ஸி வைக்கலாம். அது வருடக்கணக்கில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இந்த டேங்குக்கு அந்தத் தகுதி இல்லை.

வீட்டுக்காரர் கேஸ் வெல்டிங் வைத்துவிடலாம் என்றார். செலவு சில நூறோடு முடியும். எனக்கு இதில் பேச்சே கிடையாது. நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது, ஏனென்றால் நிரம்பியதற்குள் காற்று இல்லை. கழுவிக் காயவைத்த டேங்கிலும் மடிப்பிலும் துருவிலும் ஒளிந்திருக்கும் பெட்ரோல், சூடு பட்டதும் மறுபடி ஆவியாகும். கழுத்து வரை தண்ணீர் நிரப்பி, ஒட்டும் இடத்தை மட்டும் மேலே வைத்துச் செய்யும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவசரமாக இருக்கும் நாளில், வேலை கற்றுக்கொள்ளும் பையனிடம் டேங்கை நீட்டும் பட்டறைகளும் இருக்கின்றன. இப்படிப்பட்ட வெடிப்பில் கையையும் முகத்தையும் இழப்பது பெரும்பாலும் அந்தப் பையன்தான். அப்பளமாகிப்போன தகட்டுக்காக அவனை அந்த இடத்தில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. புது டேங்க் வாங்கினார்கள். டேப்புக்குப் புது ஓ-ரிங், கார்புரேட்டருக்குப் புது டியூப், டேங்க் உட்காரும் ரப்பர் இரண்டும் புதிது. பழைய ரப்பருக்கு அடியிலும் ஈரமும் மண்ணும் சேர்ந்து பச்சை பிடித்திருந்தது.

இன்வெர்ட்டர் இப்போது மாடி அறையில் இருக்கிறது. வண்டி மதிலுக்குப் பக்கத்தில், திறந்த இடத்தில் போட்ட தகரக் கூரைக்குக் கீழ் நிற்கிறது. இரவு டேப்பை மூடிவிட்டுத்தான் பையன் உள்ளே போகிறான்.

பழைய டேங்கைக் காயலான் கடைக்குப் போடும் முன் மூடியையும் டேப்பையும் கழற்றி, இன்னொரு முறை கழுவி, நான்கு நாள் வெயிலில் கவிழ்த்து வைத்தோம். அங்கேயும் கேஸ் கட்டர் பிடிக்கிற ஒருவர் இருப்பார். அதனால் அதன் இரண்டு பக்கமும் வெள்ளைப் பெயின்டில் பெரிதாக எழுதினேன்: "பெட்ரோல் டேங்க். தீ வைத்து வெட்டாதீர்கள்." கடைக்காரர் படித்துப் பார்த்துவிட்டு அதைத் தனியாக ஓர் ஓரத்தில் எடுத்து வைத்தார்.